ஆண் பூச்சியின் பெயரும் ஆற்றுப் புழுவின் பிழைப்பும்

போடிநாயக்கனூரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்



அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘புதிய கேடிஸ் பூச்சி இனத்தை விவரித்தல்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். வாசலில் நின்ற ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, “கேடிப் பூச்சியா? அதைப் பிடிக்க போலீசுல்ல வரணும்” என்றார். அவர் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு விளங்கும்படி பேசிவிட்டால் எனக்குப் போதும்.

குரங்கணிக்கு மேலே கொட்டகுடி ஆறு பாறைகளுக்கு இடையே இரைந்து இறங்கும் இடம் உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கல்லின் அடிப்பக்கம் பொடிக்கற்களை ஒட்டிச் செய்த சின்னக் குழாய் ஒன்று இருக்கும். அதன் வாயில், நீர் வரும் திசையைப் பார்த்தபடி, கட்டைவிரல் நகத்தளவு வலை. கல்லை வெளியே எடுத்ததுமே வலை சுருண்டு கல்லோடு ஒட்டிவிடும். தண்ணீருக்குள் வைத்தே பார்த்தால்தான் அதன் சதுரக் கண்கள் வரிசை பிசகாமல் தெரியும். குழாய்க்குள்ளே ஒரு புழு. தலை பழுப்பு. தலைக்குப் பின்னால் மார்பின் மூன்று கண்டங்களிலும் மேலே கெட்டித் தகடு. வயிற்றின் அடியில் கிளை கிளையாகச் செவுள். வால் முனையில் இரண்டு கொக்கிகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு மயிர்க்கற்றை. ஆறு அடித்துக்கொண்டு போகாமல் அந்தக் கொக்கிகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஹைட்ரோசைக்கிடே குடும்பத்துப் புழு அது. வாயிலிருந்து வரும் பட்டு நூலால் வலை பின்னி, ஆறு கொண்டுவரும் துகள்களை உட்கார்ந்த இடத்திலேயே வடித்துத் தின்னும். பக்கத்துப் புழு வீட்டைப் பறிக்க வந்தால், முன்காலின் தொடையைத் தலைக்கு அடியில் உள்ள வரிகளில் தேய்த்து ஒலி எழுப்பி விரட்டும்.

கேடிஸ் பூச்சிக் கூட்டத்தில் எல்லோரும் வலை பின்னுவதில்லை. சிலவகைப் புழுக்கள் மணலாலோ, குச்சியாலோ, இலைத் துண்டுகளாலோ கூடு கட்டி, அதைச் சுமந்துகொண்டே நடமாடும். சில ரகம் கூடே இல்லாமல் கற்களுக்கிடையே வேட்டையாடித் திரியும். ஹெலிகோசைக்கி என்ற பேரினத்தின் புழு மணலைச் சுருள் சுருளாக ஒட்டி, பார்த்தவுடன் நத்தை என்று நினைக்கும்படி வீடு கட்டும். 1834-ல் ஐசக் லீ என்ற அமெரிக்கச் சிப்பி ஆய்வாளர் அதை நத்தை என்றே நம்பி, மணல் ஒட்டும் புதிய நத்தை இனம் என்று பெயரும் வைத்து அச்சேற்றிவிட்டார். கெட்டிக்காரர்தான், நத்தை, சிப்பிகளில் அவர் பெரிய பெயர். ஆனால் அவர் விவரித்தது வீட்டை. குடியிருப்பவரை அவர் பார்க்கவில்லை. உடல் அடையாளத்தை வைத்து இனத்தை நிறுவுவது என்றால் எந்த அடையாளம், யாருடைய அடையாளம் என்பதுதான் முதல் கேள்வி.

புழு நீருக்கடியில் கூட்டுப்புழுவாகி, பிறகு மேலே வந்து சிறகு விரிக்கும். சிறகு முளைத்த பூச்சி சில நாள், மிஞ்சினால் சில வாரம் உயிரோடு இருக்கும். பகலில் ஆற்றங்கரைச் செடிகளில் ஒட்டிக்கிடக்கும், இருட்டியதும் விளக்குக்கு வரும். நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். வீட்டு டியூப்லைட்டில் வந்து மோதும் சாம்பல் நிறச் சின்ன அந்துப்பூச்சி என்று நினைத்துத் துடைப்பத்தால் தள்ளியிருப்பீர்கள். அடுத்த முறை கொஞ்சம் குனிந்து பாருங்கள். அந்துப்பூச்சியின் சிறகைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டும், அது செதில். கேடிஸ் பூச்சியின் சிறகில் இருப்பது மயிர். அந்துப்பூச்சிக்குச் சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல் உண்டு, இதற்குக் கிடையாது. உட்காரும்போது சிறகை முதுகின்மேல் கூரைச் சரிவாக மடித்து, நூல்போன்ற நீண்ட உணர்கொம்புகளை முன்னால் நீட்டிக்கொள்ளும். டிரைக்கோப்டீரா என்ற இந்த வரிசையும், வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அடங்கிய லெப்பிடோப்டீரா வரிசையும் உடன்பிறப்புகள். இரண்டிலும் புழுப் பருவத்தில் வாயிலிருந்து பட்டு வருவது அதற்கு ஒரு சாட்சி. இந்த உறவை மறந்துவிடாதீர்கள், ஏலத்தோட்டத்துப் பேச்சு வரும்போது தேவைப்படும்.

உலகில் இதுவரை பெயர் பெற்ற கேடிஸ் இனங்கள் 16,000-க்கு மேல். இந்தியாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். இவ்வளவு கூட்டத்தில் ‘இது புதுசு’ என்று ஒருவர் எப்படிச் சொல்கிறார்?

ஏலக்காயைத் தரம் பிரிப்பதில் போடிக்காரர்களுக்கு நான் சொல்லித்தர எதுவுமில்லை. சல்லடையில் போட்டால் எட்டு எம்எம் தனி, ஏழு எம்எம் தனி. பிறகு பச்சை நிறம், லிட்டர் எடை. மூன்றிலும் தேறிவிட்டால் விலை நின்றுவிடும். பூச்சியிடம் இந்தச் சல்லடை தோற்றுப்போகும். ஒரே இனத்தில் குளிர்ந்த ஓடையில் வளர்ந்தது பெரிதாகவும், சூடான தண்ணீரில் வளர்ந்தது சின்னதாகவும் இருக்கலாம். நிறமோ, ஆல்கஹாலில் சில மாதம் கிடந்தால் எல்லாம் ஒரே பழுப்பு. நீளத்தையும் நிறத்தையும் மட்டும் எழுதி ‘புதிய இனம்’ என்று அந்தக் காலத்தில் அச்சேறிய விவரிப்புகள் உண்டு. இன்று அவற்றை வைத்துக்கொண்டு எந்தப் பூச்சி என்று தேடுவது பெரும் பாடு.

ஆகவே படிப்படியாக இறங்க வேண்டியிருக்கிறது. தலையில் இரண்டு பெரிய கூட்டுக்கண்களுக்கு நடுவே மூன்று தனிக்கண்கள் உண்டா, இல்லையா? உண்டென்றால் பிலோபொட்டாமிடே போன்ற குடும்பங்கள். இல்லையென்றால் ஹைட்ரோசைக்கிடே போன்றவை. வாயருகே தொங்கும் உணரிழையில் எத்தனை கணுக்கள், கடைசிக் கணு நீண்டு வளையங்களாக இருக்கிறதா? முன்கால், நடுக்கால், பின்கால்களின் முழங்கணுவுக்குக் கீழே எத்தனை முட்கள்? ஹைட்ரோசைக்கி ஆணுக்குப் பொதுவாக இரண்டு, நான்கு, நான்கு. தலையிலும் மார்பிலும் உள்ள மயிர்மேடுகளின் அமைப்பு, சிறகு நரம்புகள் எங்கே கிளைக்கின்றன என்பது, எல்லாம் பார்த்து முடித்தால் குடும்பமும் பேரினமும் கைக்கு வந்துவிடும். இனம் மட்டும் வராது. அது வயிற்றின் கடைசியில், ஆணின் இனப்பெருக்க உறுப்பில் இருக்கிறது.

சபையில் இதைப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை; இந்தத் துறையின் இலக்கணமே அதுதான். ஐரோப்பியக் கேடிஸ் பூச்சிகளைப் பற்றி ராபர்ட் மெக்லாக்லன் 1874 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூலில் ஒவ்வொரு ஆணின் வால் முனையையும் வரைந்து வைத்தார். அதற்குப் பின் படம் இல்லாத விவரிப்புக்கு மதிப்பில்லாமல் போயிற்று. ஏன் அந்த உறுப்பு மட்டும் இனத்துக்கு இனம் இவ்வளவு மாறுகிறது? பூட்டும் சாவியும் பொருந்துவதுதான் காரணம், வேற்றினம் சேரக்கூடாது என்ற ஏற்பாடு என்று பிரான்ஸின் லியோன் துஃபூர் 1844-ல் சொன்னார். வில்லியம் எபர்ஹார்ட் 1985-ல் ஒரு புத்தகமே எழுதி, அது அப்படியல்ல, பெண்ணின் தேர்வுதான் ஆணின் உறுப்பை வேகமாக மாற்றுகிறது என்று வாதிட்டார். எனக்கு எபர்ஹார்ட் பக்கம்தான் சாய்வு. யார் சொன்னது சரியாக இருந்தாலும், அடையாளம் அங்கே கிடைக்கிறது என்பதில் சண்டை இல்லை.

அந்த வேலையை மாணவர்களுக்காகக் கொஞ்சம் கிட்டத்தில் சொல்கிறேன். ஆல்கஹாலில் இருக்கும் ஆணின் வயிற்றை நுண்ணிய இடுக்கியால் பிரித்தெடுத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போடுவார்கள். இரவு முழுக்க ஊறவிட்டாலும் சரி, இளஞ்சூடு காட்டினாலும் சரி, உள்ளே இருக்கும் தசையும் கொழுப்பும் கரைந்து, கெட்டியான தோல் மட்டும் கண்ணாடித் தெளிவோடு நிற்கும். அலசி, குழிவுள்ள கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் கிளிசரின் விட்டு அதில் இறக்கி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் ஒன்பதாம் கண்டம் வளையமாகத் தெரியும். அதற்கு மேலே பத்தாம் கண்டம், நுனியில் பிளந்தோ பிளவாமலோ. கீழே இரண்டு பக்கமும் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் பிடிகால்கள், இரண்டு கணு உள்ளவை. நுனிக் கணு கூராக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, உள்நோக்கி வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவே ஆண்குறி. பக்கவாட்டில் பார்த்தால் அடியில் அகன்று, நடுவில் வளைந்து, நுனியில் சிறு மடல்கள், சிலவற்றில் முட்கள். நான் சொல்லும் இந்த ‘சிலவற்றில்’ என்ற சொல்லில்தான் ஒரு இனம் வேறு இனமாகிறது. பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, குறியை மட்டும் தனியாக ஒன்று என்று படம் வரைய வேண்டும். புகைப்படம் போதாதா என்று கேட்பீர்கள். புகைப்படம் எல்லாவற்றையும் காட்டும். எது முக்கியம் என்பதை வரைபவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு தவறென்று பின்னால் வருபவர் காட்டவும் முடியும்.

விவரிப்பு என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். பத்திரிகைகள் அதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுகின்றன. உள்ளபடி அது ஒரு வழக்கு. ‘இந்தப் பூச்சி இன்ன இனத்தோடு நெருங்கியது, இந்த இடத்தில், இந்த இடத்தில் விலகுகிறது’ என்று எழுதி, ஒரே ஒரு பூச்சியை மூலமாதிரி என்று குறித்து, எவரும் கேட்டால் எடுத்துப் பார்க்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்து முன்பின் தெரியாத ஒருவர் அதே பூச்சியை எடுத்துவைத்து, ‘இல்லை, இது பழைய இனந்தான்’ என்று தீர்ப்பை மாற்ற வழி இருந்தால் அது நல்ல விவரிப்பு.

அந்த மூலமாதிரிகள் எங்கே இருக்கின்றன என்பது நமக்கு வசதியான விஷயமில்லை. தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் ‘பி. எஸ். நாதன்’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். காரைக்கால் பகுதியில் குரும்பகரத்தில் இருந்த சூசைநாதன் அவர். ஆனைமலையின் சின்கோனாவிலும் நீலகிரியிலும் அவர் பிடித்த பூச்சிகள் லண்டன், வாஷிங்டன், ஒட்டாவா அருங்காட்சியகங்களில் அவர் பெயர்ச் சீட்டோடு இருக்கின்றன. 1950-களின் இறுதியிலும் 60-களின் தொடக்கத்திலும் இந்தியாவைச் சுற்றிக் கேடிஸ் பூச்சிகளைத் திரட்டிய ஃபெர்னான் ஷ்மித், ஸ்விட்சர்லாந்தில் பிறந்து கனடாவில் வேலை பார்த்தவர், தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் போடியிலிருந்து புறப்படும் மாணவர் ஒட்டாவாவுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் கொண்டுபோனார்கள் என்று திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. கொண்டுபோனதால் அவை செல்லரிக்காமல் இருக்கின்றன.

நமக்கு மிக அருகில் நடந்த ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். 1980-ல் ஸ்வெக்மன், காஃப்மன் என்ற இருவர் தென்னிந்தியாவிலிருந்து ஒரு பெரிய கேடிஸ் பூச்சியை விவரித்து ஸ்டெனோசைக்கி கொடைக்கானலென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். பழனி மலைக்குக் கௌரவம்தான். ஆனால் விஷயம் பெயரில் இல்லை. ஸ்டெனோசைக்கி பேரினத்தின் கோட்டை இமயமலையும் சீனாவும் ஜப்பானும். ஜப்பானின் நாகானோ பகுதியில் தென்ரியூ ஆற்றில் இதன் புழுவைப் பிடித்து, சோயாச் சாற்றில் வேகவைத்து, ‘சசாமுஷி’ என்று விற்கிறார்கள், குளிர்காலத்து ருசி. அப்படிப்பட்ட கூட்டத்தின் ஒரு கிளை, நடுவே இத்தனை தூரம் வறண்ட சமவெளி இருக்கக் கொடைக்கானலுக்கு எப்படி வந்தது? மலை ஓடை மீன்களைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்ட சுந்தர் லால் ஹோரா, சாத்பூரா மலைத்தொடர் ஒரு காலத்தில் ஈரமான பாலமாக இருந்தது என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார். அது இன்றும் வாதத்தில் இருக்கிறது. கவனியுங்கள், வால் முனையை வரைந்து இது வேறு இனம் என்று யாராவது உறுதி செய்யாதவரை அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

இந்த வேலை வெளிநாட்டவருடையதாகவே நின்றுவிடவுமில்லை. மதுரைக் கல்லூரியின் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் 1984-ல் குற்றாலத்தின் பெயரில் மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியில் ஒரு இனத்தையும் அதற்கென ஒரு புதிய பேரினத்தையும் விவரித்தார். 2007-ல் பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் வெளியிட்ட நீர்ப்பூச்சிக் கையேட்டில் கே. ஏ. சுப்ரமணியனோடு அவர் பெயரும் இருக்கிறது. மதுரையிலிருந்து ஒரு தலைமுறை இப்படித்தான் ஆற்றில் இறங்கியது; தமிழ்நாட்டிலிருந்து ஹைட்ரோசைக்கி பேரினத்தில் புதிய இனத்தை விவரித்தவர்களும் அந்த வழியில் வந்தவர்களே.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பெயர் ஆணுக்கு இருக்கிறது, ஆறு புழுவிடம் இருக்கிறது.

சில நாள் பறந்து செத்துப்போகும் ஆணின் வால் முனையில் பெயரைக் கட்டிவைத்திருக்கிறோம். மாதக்கணக்கில் ஆற்றில் கிடந்து, நீரை வடித்து, மீனுக்கு இரையாகி, அழுக்கு வந்தால் முதலில் சாகும் புழு யாருடைய பிள்ளை என்பது நம் மலைகளில் பெரும்பாலான இனங்களுக்குத் தெரியாது. பெண் பூச்சிக்கும் ஏறக்குறைய அதே கதி.

இதற்கு ஒரு பழைய, அழகான வழி இருக்கிறது. பறக்கத் தயாராகிவிட்ட ஆண் கூட்டுப்புழுவை, அடைத்த கூட்டோடு கல்லிலிருந்து எடுக்க வேண்டும். அந்தக் கூட்டுக்குள் பூச்சி முழுதாக உருவாகியிருக்கும். வால் முனையைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம். அதே கூட்டின் அடி மூலையில், புழுவாக இருந்தபோது கழற்றிப்போட்ட தலை ஓடும் மார்புத் தகடுகளும் கால் நகங்களும் கசங்கி ஒதுங்கிக் கிடக்கும். பல குடும்பங்களில் இப்படித்தான். பிள்ளைப்பருவமும் வாலிபமும் ஒரே பொட்டலத்தில் கிடைக்கும். இன்று பூச்சியின் ஒரு காலை வெட்டி, அதில் 658 எழுத்துகள் கொண்ட மரபணுத் துண்டைப் படித்து, புழுவின் துண்டோடு பொருத்தியும் பார்க்கலாம். இரண்டையும் செய்யுங்கள். எந்திரம் பொருத்தம் சொல்லும். புழுவை ஆற்றங்கரையில் கண்ணால் அறிய என்ன அடையாளம் என்பதைத் தகடுகளைப் பார்த்து எழுதியாக வேண்டும்.

அப்படிப் பொருத்தி ஏலத்தோட்டக்காரருக்கு என்ன வரப்போகிறது? குரங்கணியில் டீக்கடை அண்ணன் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: “ஏன் சார், புழுவுக்குப் பேரு வைக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?” நியாயமான கேள்வி.

ஓடையில் வாழும் பூச்சிக் குடும்பங்களுக்கு மதிப்பெண் போட்டு நீரின் தரத்தைச் சொல்லும் முறை ஒன்று இங்கிலாந்தில் உருவானது. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதைத் தழுவிக்கொண்டது. அந்த மூலப் பட்டியலில் இலைக்கூடு கட்டும் லெப்பிடோஸ்டொமாடிடேக்கு 10. பைவலை பின்னும் பிலோபொட்டாமிடேக்கு 8. நாம் கல்லைப் புரட்டிப் பார்த்த ஹைட்ரோசைக்கிடேக்கு 5. சாக்கடையிலும் பிழைக்கும் கைரோனோமிட் புழுவுக்கு 2. நல்ல முறைதான், ஏழை நாட்டுக்கு ஏற்ற முறை. ஆனால் 5 என்பது குடும்பம் முழுமைக்கும் போட்ட ஒரே மதிப்பெண். அந்தக் குடும்பத்துக்குள் கொஞ்சம் அழுக்கையும் தாங்கும் இனம் உண்டு. துளி பூச்சிமருந்து பட்டாலும் காணாமல் போகும் இனமும் உண்டு. முதலாவது மட்டும் மிஞ்சிய ஓடையும் இரண்டும் இருக்கும் ஓடையும் கணக்கில் ஒன்றாகிவிடும். வித்தியாசம் சொல்ல இனத்தின் பெயர் வேண்டும், அதுவும் புழுவின் மேல் ஒட்டிய பெயராக.

ஏலத்துக்கு இரண்டு பெரிய எதிரிகள், இலைப்பேனும் தண்டு துளைப்பானும். தண்டு துளைப்பான் ஒரு அந்துப்பூச்சியின் புழு. அதைக் கொல்லத் தெளிக்கும் மருந்து மழையில் இறங்கி ஓடைக்கு வந்தால், அங்கே இருப்பது அந்துப்பூச்சியின் உடன்பிறப்பு. அதனால்தான் அந்த உறவை மறக்க வேண்டாம் என்றேன். மருந்தே கூடாது என்று சொல்லிவிட்டு மலையிறங்கும் ஆள் நானில்லை. ஒரு பருவம் தோட்டம் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எந்த ஓடை தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று பார்த்துச் சொல்லும் ஆள் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

ஊருக்கு வாய்த்த வசதியையும் பாருங்கள். போடிமெட்டு உச்சியில் நின்றால் கிழக்கே இறங்கும் தண்ணீர் நம் வைகைக்கு வருகிறது. மேற்கே பூப்பாறைப் பக்கம் ஏலக்காடுகள் வழியே இறங்குவது பன்னியாறாகிப் பெரியாற்றுக்குப் போகிறது. ஒரு பக்கம் மழைமறைவு, மறுபக்கம் தென்மேற்குப் பருவமழையின் முழு வேகம். கேடிஸ் பூச்சிகளில் பெரும்பாலானவை பறப்பதில் சூரர்கள் அல்ல, ஆற்றங்கரையை விட்டு அதிகம் விலகாதவை. அப்படியானால் இந்த ஒரே முகட்டின் இரண்டு பக்கமும் ஒரே இனங்கள்தானா? விளக்கும் வெள்ளை வேட்டியும் கொஞ்சம் ஆல்கஹாலும் இருந்தால் ஒரு கல்லூரி மாணவர் குழு இதற்கு விடை தேடத் தொடங்கிவிடலாம். வனத்துறை அனுமதி முதலில். நிலவில்லாத இரவில், இருட்டிய முதல் சில மணி நேரத்தில்தான் கூட்டம் வரும். பகலில் அதே இடத்தில் கல்லைப் புரட்டி, அடைத்த கூடுகளையும் சேர்த்து எடுங்கள்.

புது இனம் என்று தேறினால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி அதைத் தெரிவித்து, மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று. அதன் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. ஒட்டாவாவுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை அடுத்த தலைமுறைக்கு வேண்டாம். பெயர் என்ன வைப்பது என்று இப்போதே சண்டை வேண்டாம்; போடி பெயரையே வைத்துக்கொள்ளுங்கள், தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மட்டும் இந்தத் துறையில் மரியாதையில்லை.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒவ்வொரு குப்பிக்குள்ளும் சீட்டுப் போடுங்கள்: ஓடையின் பெயர், இடம், உயரம், தேதி, விளக்கில் பிடித்ததா கல்லில் எடுத்ததா, பிடித்தவர் பெயர். குப்பிக்கு வெளியே ஒட்டிய சீட்டு உரிந்து போகும், உள்ளே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.